முதலில் முள், மற்றவை பிறகு

செங்கோட்டை

அன்பு மகளுக்கு,

நலம், உன் நலமறிய ஆவல். தாத்தாவின் ரெக்கார்டு பிளேயர் தளர்ந்துவிட்டது, 15,000 ரூபாய்க்குள் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமா என்று நீ கேட்டபோது, அவசரத்தில் "வாங்கிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் யோசித்தபின் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நீ சொன்ன குறைகள் இரண்டு. நாகசுரம் சுருதி இறங்கிக் கேட்கிறது. பாட்டுத் தட்டுகளின் கடைசிப் பாட்டில் 'ச', 'ஷ' வரும் இடமெல்லாம் கரகரக்கிறது. முதற்குறைக்குக் காரணம் பெரும்பாலும் பெல்ட்தான். ரப்பர் நாள்பட நெகிழ்ந்து மோட்டார் கப்பியில் வழுக்குவதால், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டிய தட்டு பின்தங்குகிறது. வேகம் 6 விழுக்காடு குறைந்தால் ஏறக்குறைய அரைச்சுரம் இறங்கிவிடும். அதில் பாதி குறைந்தாலே தம்பூரா கேட்டு வளர்ந்த உன் காது கண்டுகொள்ளும். ஐயமிருந்தால், 180 கோடுகள் வரைந்த வட்டத்தாளைத் தட்டின்மேல் வைத்து, சோக் போட்ட பழைய டியூப் லைட்டின் வெளிச்சத்தில் பார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். மெதுவாகச் சுற்றினால் பின்னோக்கி ஊர்ந்து போகும். பெல்ட் சில நூறு ரூபாயோடு தீர்ந்துவிடும். மாற்றும்போது கப்பியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடு.

இரண்டாவது குறைக்குத்தான் பணம் செலவழிக்க வேண்டும். எல்.பி. தட்டின் வெளி விளிம்பில் முள்ளின் கீழே வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. உட்புறம் வரும்போது அது 20 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அத்தனை ஒலியும் அந்தக் குறுகிய நீளத்தில் நெருக்கியடித்து நிற்பதால், தேய்ந்த முள்ளால் அந்த நெளிவுகளுக்குள் இறங்க முடிவதில்லை. நீ கரகரப்பு என்று சொல்வது இதைத்தான். நீ பள்ளியில் படித்த காலத்தில் இதே பிளேயரைத் தூக்கிக்கொண்டு ஆரியங்காவு வழியாகப் புனலூர் போனேன். அங்கிருந்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்காமல், முள்ளை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆத்யம் சூசி, பின்னெ மதி பாக்கி" (முதலில் முள், மற்றவை பிறகு) என்றார். மலையாளம் பாதிதான் புரியும் எனக்கும் அது முழுதாகப் புரிந்தது.

அதற்கு முன் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சாரல் காலத்தில், பூஞ்சை பிடித்த தட்டில் முள் தாவித் தாவிப் போனது. தட்டைக் கழுவச் சோம்பி, முள் இருக்கும் முனையின் தலைமேல் ஒரு நாலணாக் காசை ஒட்டி வைத்தேன். தாவல் நின்றது, ஆனால் தாத்தா பொத்திப் பாதுகாத்த அந்த நாகசுரத் தட்டின் முதற்பக்கம் அன்றோடு போயிற்று. இன்றும் அதில் பின்னணியில் கேட்கும் இரைச்சல் என் கைவண்ணம்.

ஆகவே முள் மட்டுமல்ல, அது பொருந்தியிருக்கும் காட்ரிட்ஜ் என்ற சிறு பகுதியை முழுதாகவே மாற்றிவிடு. உன் பிளேயரின் கைமுனையில் உள்ள இரண்டு திருகுகளின் இடைவெளி 12.7 மில்லிமீட்டர், பெரும்பாலான காட்ரிட்ஜுகளுக்கு அதுவே அளவு. ஆடியோ டெக்னிகாவின் வி.எம். 95 இ போன்றது போதும். பிற்பாடு முள்ளை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். அதன் முள் தட்டின்மேல் அழுத்த வேண்டிய எடை 2 கிராம். முள்ளைத் தாங்கும் கை அந்தரத்தில் சமமாக நிற்கும்வரை அதன் பின்முனையில் உள்ள பாரத்தைத் திருகி, அங்கிருந்து 2 கிராம் வை. சிறு தராசில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. காட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான் என்றாலும், தாத்தாவின் ஆம்பிளிஃபையரில் ரெக்கார்டு பிளேயருக்கென்றே 'போனோ' என்ற துளை இருப்பதால், அதைப் பெருக்கிக் கொடுக்கத் தனியாக ப்ரீ ஆம்ப் தேவையில்லை.

கையின் மூட்டு தளர்ந்து ஆடினாலோ, மோட்டாரே உறுமினாலோதான் புதியதை யோசிக்க வேண்டும். அப்போதும், ஸ்பீக்கரோடு சேர்ந்து வரும் பெட்டி வடிவ மலிவு பிளேயர்களின் பக்கம் போகாதே. அவற்றில் பலவும் 5 கிராம் அளவுக்கு அழுத்துகின்றன. நாலணாக் காசைக் கடையிலேயே ஒட்டிக் கொடுத்ததுபோலத்தான்.

அடுத்த மாதம் பொதிகை ரயிலில் வரும்போது கோட்டுத் தாளையும் தராசையும் கொண்டுவருகிறேன். அதுவரை அந்த நாகசுரத் தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போடாதே.

அன்புடன்,
அப்பா