விமானம் பலமாகத் தரையிறங்கியதில் முதுகெலும்பு நசுங்கிய என் தாயாருக்கு வீட்டிலேயே மருத்துவப் பரிசோதனை நடத்தக் கோரும் மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வழுதாவூர் சாலை, பேட்டையன்சத்திரம்,
புதுச்சேரி.

பார்வை: இதே பொருள் குறித்து சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி மனுக்களுக்கு ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. அதனால் தங்களையே நாடி வருகிறேன்.

1. என் தாயாருக்கு வயது 67. சென்ற ஆண்டு தை மாதம் என் தங்கையின் வளைகாப்புக்குப் போனார். வெளிமாநிலத்தில் உள்ள ஒரு சிறிய விமான நிலையத்தில் அவர் போன விமானம் தடாலென்று ஓடுபாதையில் மோதி, எழும்பி, மறுபடி விழுந்து நின்றது. தீப்பிடிக்கவில்லை, சக்கரம் உடையவில்லை. எல்லோரும் நடந்துதான் இறங்கினார்கள், அம்மாவும்தான். அன்று இரவு அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. ஸ்கேனில் எல்-1 என்ற இடுப்புப் பகுதி முதுகெலும்பு நசுங்கியிருந்தது. அந்த அதிர்ச்சி இருக்கை வழியாக நேரே முதுகுத்தண்டில் ஏறும், வயதான எலும்பு தாங்காது என்றார் டாக்டர்.

2. விமான நிறுவனமோ "வழக்கமான தரையிறக்கம்" என்கிறது. விமானத்தால் பயணிக்கு எலும்பு முறிந்தால் அது பலத்த காயம், ஆகவே விபத்து. சர்வதேச விதியும் நம் நாட்டின் 2017 விபத்து விசாரணை விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன. விரல், மூக்கு எலும்பில் ஏற்படும் சாதாரண முறிவுக்குத்தான் விலக்கு. 1972-ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டப்படி இழப்பீடு கேட்டு வழக்குப் போட இரண்டே ஆண்டுகள். எங்களுக்கு வரும் தையோடு அது முடிகிறது. பாதிப்பு எத்தனை சதவீதம் என்று மருத்துவக் குழு தரும் சான்றிதழை வக்கீல் கேட்கிறார்.

3. அந்தச் சான்றிதழுக்கு "ஆளை நேரில் கொண்டுவா" என்கிறார்கள். எப்படி ஐயா கொண்டுவருவது? நாங்கள் இருப்பது கிருஷ்ணா நகரில், மாடி வீடு. படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. முதுகு பெல்ட்டை இறுக்கிக் கட்டி, பெட்ஷீட்டில் வைத்து, நாலு பேர் சேர்ந்து இறக்க வேண்டும். வேனில் படுக்க வைத்தாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் வாய்விட்டு அழுகிறார். ஒருமுறை அப்படிக் கொண்டுபோய், வராண்டாவில் பெஞ்சில் காலையிலிருந்து படுக்க வைத்திருந்தோம். டயப்பர் நனைந்துவிட்டது. மாற்ற இடமில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தன் துப்பட்டாவை விரித்து மறைத்துப் பிடித்தார், நான் மாற்றினேன். மதியம் ஒருவர் வந்து, "இன்று குழு கூடவில்லை, அடுத்த வாரம் வாங்க" என்றார். இன்னொரு முறை, எக்ஸ்ரே பழசு என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பெஞ்சில் படுத்திருந்தது அவர்களுடைய தாயாக இருந்தால் இப்படிச் சொல்வார்களா? 2024 தேர்தலில் 85 வயது தாண்டியவர்களிடமும் மாற்றுத்திறனாளிகளிடமும் வீடு தேடி வந்து ஓட்டு வாங்கினார்கள். ஓட்டுக்கு வர முடிகிறது, ஒரு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போக முடியாதா? ஃபெஞ்சல் புயலில் எங்கள் பகுதியில் ராணுவம் படகில் ஆட்களை மீட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அம்மாவை எதில் தூக்கிக்கொண்டு வருவேன்?

4. பலமாக இறங்கிய விமானத்தைச் சோதிக்காமல் மறுபடி பறக்கவிடக் கூடாது, பதிவேட்டிலும் எழுத வேண்டும். விமானம் எப்படி இறங்கியது என்பதைப் பதியும் கருப்புப் பெட்டியில் சுமார் 25 மணி நேரப் பதிவுதான் இருக்கும், அப்புறம் அதன் மேலேயே புதிது பதிவாகும். நிறுவனங்கள் அதை முன்பே எடுத்து வைப்பது வழக்கம். அந்தப் பதிவைக் கேட்டு விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்துக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும். நாங்கள் எழுதினால் யாரும் மதிப்பதில்லை.

5. வீட்டுக்கு ஒரு டாக்டரை அனுப்புங்கள் ஐயா.

பணம் பெரிதல்ல என்று சொல்ல மாட்டேன். மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் கடன் ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் அம்மாவை இன்னொரு முறை அந்தப் படியில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. மழைக்கு முன்பாக மருத்துவக் குழுவை எங்கள் வீட்டுக்கு அனுப்பி, சான்றிதழ் கிடைக்க ஆவன செய்யுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: ஸ்கேன் அறிக்கை, பயணச்சீட்டு, முந்தைய மனுக்களின் ரசீதுகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
கிருஷ்ணா நகர், புதுச்சேரி.