செவ்வழுகலும் ஒற்றை ரகமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 கரும்பு செவ்வழுகல் நோயால் அழிவதைப் பற்றிய கட்டுரையில் ‘ரகம் வலுவிழந்துவிட்டது’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் கரும்பை விதை போட்டு அல்ல, அதன் தண்டுத் துண்டான கரணையை வைத்துத்தானே நடுகிறோம்? தாய்க் கரும்பின் குணம் அப்படியே வரும். 2009-இல் வெளியான அதே கரும்புதான் இன்றும் அங்கே வயலில் நிற்கிறது. மாறியிருப்பது செவ்வழுகலை உண்டாக்கும் பூஞ்சாணம்.

கோடிக்கணக்கான பூஞ்சாண வித்துகளில் ஏதோ சில, மரபணுவில் சிறு மாற்றத்தோடு உண்டாகும். பல ரகங்கள் நிற்கும் ஊரில் அவற்றுக்குத் தாக்குவதற்கு அங்கங்கே நாலு தூர் கிடைக்கும், அவ்வளவுதான். உத்தரப் பிரதேசத்திலோ சுமார் பத்தே ஆண்டில் கரும்புப் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த ஒரே ரகம் பரவியிருந்தது. அதைத் தாக்கத் தெரிந்த பூஞ்சாணம் கரணையோடு வயலுக்கு வயல் போனது. அதைக் கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவன விஞ்ஞானிகள் சிஎஃப் 13 என்று தனி வகையாகவே பிரித்திருக்கிறார்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. கோசி 671 என்ற ரகம் வந்தபோது சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) அருமை என்று எல்லோரும் அதையே வைத்தோம். அப்புறம் செவ்வழுகல் வந்தது. மூன்றாவது, நான்காவது இலை மஞ்சளாகும். கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, குறுக்கே வெள்ளைத் திட்டுகள், புளித்த சாராய வாடை. அப்பா ஒரு ஏக்கர் மறுதாம்பை, அதாவது வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்த கரும்பை, தூரோடு தோண்டி எரித்தார். தண்டுக்குள் மருந்து சரியாக இறங்காது என்பதால், நோய் கண்ணில் பட்ட பிறகு செய்வதற்கு வேறொன்றும் இல்லை.

இப்போது தமிழ்நாட்டில் எங்கே பார்த்தாலும் கோ 86032. நல்ல ரகம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் தகப்பன் ரகமே கோசி 671தான் என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆலைகள் ஒவ்வொரு கோட்டத்திலும் மூன்று நான்கு ரகங்களையாவது பதிவுக்கு ஏற்க வேண்டும். புதிய ரகத்தைக் கொடுக்கும் முன், அந்தந்த வட்டாரத்தில் எடுத்த பூஞ்சாணத்தைச் செலுத்திச் சோதித்தார்களா என்று எங்களுக்குச் சொல்ல வேண்டும். நோய்க் கரும்பை ஆய்வுக்கு எடுத்துப் போனால், அது பழைய வகையா புதிய வகையா என்ற முடிவு வயல்காரனுக்கும் வந்து சேர வேண்டும். அடுத்த பட்டத்துக்கு எந்தக் கரணையை வாங்குவது என்று அதை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
கடலூர் மாவட்டம்.