பிளேட்லெட் எண்ணைப் பார்த்துப் பதறாதே

அன்பு மகளுக்கு,

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் எனக்கு 68,000 என்ற ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். நான் பல் பிடுங்கும் முன் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பிளேட்லெட் ஏற்றிக்கொள்ளச் சொல்கிறாய். 1.5 லட்சத்துக்குக் கீழே வந்தாலே குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் உன் மனதில் ஓடுவது டெங்கு. அதில் எண்ணிக்கை சில நாளில் விழுந்து சில நாளில் எழும். என்னுடையது வருஷக்கணக்கில் மெல்ல இறங்கியது.

எனக்கு இருப்பது சிரோசிஸ். அது வந்த கல்லீரல் தழும்பேறி இறுகிவிடும். குடலிலிருந்து வரும் ரத்தம் அதற்குள் எளிதில் நுழைய முடியாமல், மடையை அடைத்த வாய்க்கால் போலப் பின்னால் தேங்கும். அதில் மண்ணீரல் வீங்குகிறது. சாதாரணமாகவே மூன்றில் ஒரு பங்கு பிளேட்லெட் அங்கேதான் தங்கும். வீங்கினால் இன்னும் அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். போதாதற்கு, பிளேட்லெட்டை உருவாக்கும்படி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் த்ரோம்போபொய்ட்டின் பெரும்பாலும் கல்லீரலில்தான் சுரக்கிறது. அதுவும் குறைந்துவிடுகிறது.

வெளியிலிருந்து ஏற்றினாலும் மண்ணீரல் அதிலும் பங்கு கேட்கும். மிஞ்சுவதும் சில நாள்தான் நிற்கும். பல்லுக்கு அது தேவையில்லை என்று லிவர் டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார். ரத்தக்கசிவு ஆபத்து அதிகமுள்ள சிகிச்சை என்றால் அவட்ரோம்போபாக் என்றொரு மாத்திரை உண்டாம், 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பத்துப் பதிமூன்று நாள் முன்பே தொடங்கி ஐந்து நாள் சாப்பிட வேண்டும். எண்ணை அழகாக்குவதற்காகத் தினமும் விழுங்கும் மருந்து இல்லை.

ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள், உறையாமல் தடுப்பவை இரண்டையும் கல்லீரல்தான் செய்கிறது. இரண்டுமே குறைவதால் பிளேட்லெட்டை மட்டும் வைத்து ரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது. சிலருக்குக் கல்லீரலுக்குப் போகும் பெரிய குழாயிலேயே ரத்தம் உறைந்துவிடுவதும் உண்டு. நிஜமான பயம், தேங்கிய அழுத்தத்தில் உணவுக்குழாயில் புடைக்கும் ரத்தக்குழாய்கள்தான். எண்டோஸ்கோப்பி அதற்காக. அழுத்தத்தைக் குறைக்கத்தான் கார்வெடிலால் சாப்பிடுகிறேன். நீ கேட்பதாக இருந்தால் அதைக் கேள், "இன்று எவ்வளவு ஏறியது" என்று கேட்காதே.

உன் அத்தை பப்பாளி இலைச் சாற்றோடு வந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன், அவளுக்குக் கோபம்தான். கெட்டுப்போன கல்லீரலிடம் எதையும் பரீட்சை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக் போடுவதையும் நிறுத்தியாயிற்று. பாரசிட்டமால்தான், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குள்.

ரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுத்த மலம், பேச்சில் குழப்பம், இதில் எது வந்தாலும் உனக்குப் போன் செய்வதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

லிவர் என்றாலே "குடியா?" என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கு வந்தது சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து. சர்க்கரை நம் குடும்பத்தில் இருக்கிறது, உனக்கும் இடுப்பு பெருத்துக்கொண்டே போகிறது. இந்த மாதமே சுகரும் வயிற்று ஸ்கேனும் பார்த்து ரிப்போர்ட் அனுப்பு. இந்த முறை நான் பதறிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா