நீ கேட்ட கேள்விக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். முருங்கை காய்த்துக் கொட்டுகிறது, கொடுத்துவிடத்தான் ஆள் இல்லை.

'பிசாசு எங்கிருந்து வந்ததுப்பா?' என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்குப் பிறகு பதினெட்டு நாளாகப் போனை எடுக்கவில்லை. வேலை இருக்கும். சரி, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

துர்மரணம் அடைந்தவர்கள் பேயாக அலைவார்கள் என்று நம் ஊரில் சொல்வார்கள். நம் வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. தங்கள் ஆதிமேன்மையைக் காத்துக்கொள்ளாமல் வாசஸ்தலத்தை விட்டுவிட்ட தூதர்கள் என்று யூதா நிருபத்தில் இருக்கிறது. எப்போது, எப்படி என்று விரித்துச் சொல்லும் அதிகாரம் ஒன்றுகூடக் கிடையாது. ஓய்வுநாள் பள்ளியில் நான் ஏசாயா 14-ஐ எடுத்து, 'அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே' என்று லூசிபர் கதை நடத்தினது உனக்கு நினைவிருக்கும். அந்த வசனம் பாபிலோன் ராஜாவைப் பார்த்துச் சொன்னது. பிறகு வந்த சபைப் பிதாக்கள்தான் அதைச் சாத்தானுக்கு ஏற்றிச் சொன்னார்கள். அவர்களுக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை. ஆதியாகமம் 6-இல் மனுஷகுமாரத்திகளைக் கட்டிய தேவகுமாரர் வருகிறார்களே, அவர்களுக்குப் பிறந்த இராட்சதரின் ஆவிகளே பிசாசுகள் என்று சொல்வது ஏனோக்கின் புத்தகம் என்கிற பழைய யூத நூல். எத்தியோப்பியச் சபை அதை இன்றும் வேதத்தோடு வைத்திருக்கிறது. சபைப் பிதாக்களில் ஒருவரான அகுஸ்தீன், பெருமையால் விழுந்த தூதர்களே பிசாசுகள் என்றார். 1215-இல் ரோமில் கூடிய லாத்தரன் திருச்சபைச் சங்கம், தேவன் அவர்களை நல்லவர்களாகவே படைத்தார், தாங்களாகவே கெட்டுப்போனார்கள் என்று அறிக்கையிட்டது. இதைப் பிடித்துக்கொள். பிசாசும் ஒரு சிருஷ்டிதான். தேவனுக்குச் சமமாக எதிரே நிற்கிற இன்னொன்று இல்லை. பயப்படாதே.

மத்தேயு 4:24-ஐ எடுத்துப் பார். பிசாசுபிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. சந்திரரோகம் என்றால் வலிப்பு. அன்றைக்கே வியாதியை வேறாகப் பார்த்திருக்கிறார்கள். 17-ஆம் அதிகாரத்தில் சந்திரரோகியான பையனிடமிருந்து பிசாசு புறப்பட்டதே என்று யாராவது உனக்கு எடுத்துக்காட்டலாம். காட்டட்டும். அந்தப் பையனை யாரும் கட்டவில்லை, அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. 'இயேசு அவன் கையைப் பிடித்து, அவனைத் தூக்கினார்' என்று அதே சம்பவத்தை மாற்கு எழுதியிருக்கிறார்.

சின்னத்தையின் கையை நானும்தான் பிடித்தேன்.

அந்த ஜெபவீட்டில் மூன்று நாள். எனக்கு 24 வயது, ஆசிரியர் பயிற்சி முடித்தவன். அவள் திமிறினபோது இரண்டு மணிக்கட்டையும் அழுத்திப் பிடித்துக்கொண்டது நான். பிறகு கயிறு கொண்டுவந்தார்கள், அதையும் நான்தான் முடிந்தேன். 'அண்ணே, தண்ணி' என்றாள். பிசாசு கேட்கிறது, கொடுக்காதே என்றார்கள். கொடுக்கவில்லை. அவள் கையில் இருந்த தழும்பு கிணற்றுக் கயிறு அறுத்தது என்று உனக்குச் சொல்லி வைத்தேனே, அது பொய். அப்புறம் டாக்டரிடம் காட்டி மாத்திரை ஆரம்பித்ததும் அவளுக்கு வலிப்பு நின்றது. என்னோடு அவள் பேசினாள், சிரித்தாள், உன்னை வளர்த்தாள். ஆனால் சாகிறவரைக்கும் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.

நீ எம்.எஸ்சி. படித்தவள், உன்னை நினைத்து எனக்குப் பெருமைதான். உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்கு நானும் படித்தவன்தானே.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சின்னவன் கஞ்சிக் கரண்டியை வாயருகே வைத்தபடி அப்படியே இருந்தான். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் கேட்கவில்லை. கரண்டியிலிருந்து கஞ்சி சட்டையில் சொட்டியது. நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் அம்மாவிடம் துவையல் கேட்டேன். அப்போதே பேசியிருக்க வேண்டும்.

உன் மாமியார் ஜெபிக்கிறவர்கள், ஜெபிக்கட்டும். நாமும் ஜெபிப்போம். நரம்பு டாக்டரிடம் காட்டு. செலவைப் பற்றி யோசிக்காதே, நான் தருகிறேன். அடுத்த வியாழன் காலை நான் அங்கே இருப்பேன், டிக்கெட் எடுத்தாயிற்று. அதுவரை அவனை யார் கூப்பிட்டாலும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதே. டாக்டரிடம் மட்டும் போ. வேறு எங்கேயும் போகாதே, மக்கா.

அப்பா