வாடகைக்கும் வீடு கட்டலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடுகளுக்கு ஒதுக்கீட்டு ஆணை வழங்கும் படங்கள் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகின்றன. ஆணையை வாங்கிக்கொண்டு நிற்கிற அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஏழைக்கு வீடு என்றாலே சொந்தமாகக் கொடுப்பது என்று ஆகிவிட்டது. குறைந்த வாடகைக்கு அரசே வீடு கட்டிக் கொடுப்பதைப் பற்றிப் பேச்சே காணோம். சென்னையில் வேலை பார்த்துப் பிழைக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

நான் கிண்டியில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் டெய்லர். கணவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வேலை. பிடித்தமெல்லாம் போக என் கைக்கு 12,500, அவர் கைக்கு 16,000 வருகிறது. குடியிருப்பது சைதாப்பேட்டையில் ஒரு ரூம், ஒரு கிச்சன். வாடகை 8,500. கீழும் மாடியுமாக ஆறு குடித்தனத்துக்கு இரண்டு கக்கூஸ். அட்வான்ஸ் 80,000. சீட்டைத் தள்ளி எடுத்து, மிச்சத்துக்கு நகையை வைத்துத்தான் அதைப் புரட்டினோம். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்றும் கூடவே இருக்கிறது. வீடு கிடைக்காமல் அலைகிறவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போட மாட்டார்?

கரண்டுக்கு சப் மீட்டர், யூனிட் 9 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று மின்வாரியம் தருவது, எங்கள் காம்பவுண்டு கேட்டோடு நின்றுவிடுகிறது. 2022-இல் மாநகராட்சி சொத்து வரியை உயர்த்தியது. பழைய சென்னைப் பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம் என்றார்கள். எங்களுக்கு மாதம் 500 ரூபாய் ஏறியது. கேட்டால், “வரி ஏறிடுச்சேம்மா” என்றார் வீட்டுக்காரர். ஆறு குடித்தனத்திலும் ஏற்றினால் வருடத்துக்கு 36,000 ஆகிறது. அவருக்கு வரி எவ்வளவு ஏறியது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டால் வேறு வீடு பார்க்கச் சொல்வார்.

வாரிய வீட்டுக்கு மனுப் போடக் கூடாதா என்பீர்கள். பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில் கட்டுகிற அந்த அடுக்குமாடிகளுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினால் 3,42,000 வருகிறது. நான் வேலையை விட்டால் தகுதி வந்துவிடும், ஆனால் வீட்டுக்காக நாங்கள் கட்ட வேண்டிய பங்குத் தொகைக்குக் காசு இருக்காது. பேங்க்கில் லோன் போட்டு ஃபிளாட் வாங்குகிற அளவுக்கும் இந்தச் சம்பளம் காணாது.

வீடு கிடைத்தவர்கள் பாடு என்ன? என் சித்தி சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுப்பவர். கூவம் கரையில் குடிசை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரத்தைக் காலி செய்தபோது பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. காங்கிரீட் வீடு, உள்ளேயே கக்கூஸ், நல்ல காற்று. ஆனால் மார்க்கெட்டுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். மீன் லாரி வருகிற நேரத்துக்கு அங்கிருந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பது? அதனால் மார்க்கெட் பக்கத்திலேயே இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருக்கிறார். பெரும்பாக்கம் வீடு வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. சொந்த வீட்டுக்காரியாகியும் சித்தி மாதாமாதம் வாடகை கட்டுகிறார்!

இதே வாரியம் 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கிய காலத்தில், குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி எழுப்பியது. மெரினா கடற்கரையோரத்து நொச்சிக்குப்பத்து மீனவர்கள் கடலை விட்டுப் போகவில்லை. ஊருக்கு வெளியே அனுப்புகிற யோசனை பிறகு வந்ததுதான்.

அரசுக்கு வாடகை வீடு கட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சைதாப்பேட்டையிலேயே தாடண்டர் நகரில் அரசு ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கு 706 கோடி ரூபாயில் குடியிருப்பு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் அங்கே தங்குகிற ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை பிறந்தால் எங்கே போவாள்? என் வீட்டு மாடியில் இருப்பது போன்ற ஒரு ரூமுக்குத்தான்.

இடம் இல்லை என்பார்கள். வடபழனி, திருவான்மியூர் பஸ் பணிமனைகளில் வணிக வளாகம் கட்டத் திட்டம் போடும்போது, அதற்கு மேலே நான்கு மாடி வாடகை வீடு வைக்க இடம் இல்லாமலா போகும்? பெரிய கட்டடம் கட்டுகிறவர்களிடம் ஏழைகள் வீட்டுவசதிக்கென்றே ‘ஷெல்டர் ஃபண்ட்’ கட்டணம் வசூலிக்கிறார்கள். அதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். மாநகராட்சிக்கும் நகருக்குள் சொந்த நிலம் உண்டு. வீட்டைப் பட்டா போட்டுத் தர வேண்டாம். சம்பளத்தில் கால் பங்கு வாடகை, பக்கத்தில் வேலை பார்க்கிறோம் என்பதற்கு ஈஎஸ்ஐ அட்டை, அது போதும். அரசு ஊழியருக்குப் பிடிப்பது போல எங்களுக்கும் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளட்டும்.

உள்வாடகைக்கு விட்டுவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். வாரிய வீடுகளில் அது நடக்காமல் இல்லை. வேலைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் எவ்வளவு பேர் அதை விட்டுப் போவார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம். பராமரிப்புக்கு என்ன வழி என்பது எனக்கும் கவலைதான். வாடகைப் பணத்தில் ஒரு பகுதியை அந்தக் கட்டடத்துக்கென்று தனிக் கணக்கில் போட வேண்டும்.

வார்டு மக்களைக் கூட்டி நடத்துகிற பகுதி சபைக் கூட்டங்களில் கால்வாய் அடைப்பும் தெருவிளக்கும்தான் பேசப்படுகின்றன. வார்டில் எத்தனை குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, என்ன வாடகை கொடுக்கிறது என்ற கணக்கை மாநகராட்சி ஒருமுறையாவது எடுத்து அங்கே வைக்கட்டும்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி, சைதாப்பேட்டை, சென்னை

(பெயரை வெளியிட வேண்டாம். எங்கள் வீட்டுக்காரரும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்.)