அண்ணா, இந்த முறை நான் தனியாகப் போகிறேன்

அண்ணா,

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகஸ்டில் மணாலியிலிருந்து லே வரை, சைக்கிளில், தனியாக. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பாதியில் திரும்பிய அதே இமயமலைச் சாலை. அம்மா உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுவாய், வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக் மட்டும் வரும். இங்கே எழுதினால் சொந்தக்காரர்களில் பாதிப் பேரும் உன் சைக்கிள் குழு மொத்தமும் படிப்பார்கள், தெரியும். அதனால் சில இடங்களில் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் போவேன். உனக்குப் புரிந்தால் போதும்.

ரோஹ்தாங் ஏற்றம், ஜிஸ்பா ஆற்றங்கரை, பாரலாச்சா கணவாயில் நீ எடுத்த போட்டோக்கள், எதையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. சர்ச்சுவில் அந்த ராத்திரி மட்டும்.

நீ கையுறையின் கட்டைவிரல் இடத்துக்குள் இரண்டு விரல்களை நுழைத்துவிட்டு, மீதி ஏன் உள்ளே போகவில்லை என்று அதனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். தலைவலி பாரலாச்சா இறக்கத்திலேயே ஆரம்பித்திருந்தது. சரி, அந்த உயரத்தில் பாதிப் பேருக்குத் தலை வலிக்கும். வாந்தி எடுத்தாய், அதையும் களைப்பு என்று சொல்லிச் சமாளித்தாய். ஆனால் அந்தக் கையுறையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டார்ச்சைத் தரையில் சாய்த்து வைத்து, அந்த வெளிச்சத்தில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நேராக நடந்து காட்டு என்றேன். எனக்கு அந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்ததே நீதான். நாலு அடி வைப்பதற்குள் கூடாரக் கயிற்றில் போய் விழுந்தாய். எழுந்து, "தரை கோணலா இருக்குடி" என்றாய்.

மூளையில் நீர் கோத்து வீங்க ஆரம்பித்தால் இப்படித்தான் நடை தடுமாறும், உடனே கீழே இறக்க வேண்டும், விடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இதுவும் நீ சொன்னதுதான். ஆனால் சர்ச்சுவிலிருந்து எங்கே இறக்குவது? மணாலிப் பக்கம் திரும்பினால் பாரலாச்சா, 4,900 மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. லே பக்கம் போனால் நகீ லா, அதைத் தாண்டினால் லாச்சுங் லா, இரண்டும் கணவாய்கள்தான். எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் ஆக வேண்டும். மூச்சுக்குத் திணறுகிற ஒருவனை இன்னும் அறுநூறு மீட்டர் மேலே கொண்டுபோய் அப்புறம்தான் கீழே இறக்க முடியும் என்றால், அதை யோசித்துப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. யோசிக்காமல்தான் செய்தேன்.

மணாலிப் பக்கம் போகிற ஒரு லாரியின் டிரைவரிடம் தனியாகப் பேசினேன். உன்னிடம் வந்து, லே போகிற லாரி, பாங் வரைக்கும் ஏற்றிக்கொள்வார்கள் என்று பொய் சொன்னேன். திரும்பிப் போகிறோம் என்று சொல்லியிருந்தால் நீ ஏறியிருக்க மாட்டாய். ஏற மாட்டேன் என்று நீ எப்படிச் சொல்லியிருப்பாய் என்பதையும் இங்கே எழுத மாட்டேன், அம்மா படிப்பாள்.

பாரலாச்சாவைத் தாண்டி இறங்கி, தார்ச்சா நெருங்கும்போது விடிந்துவிட்டது. அதுவரை என் தோளில் தலை சாய்த்துக் கிடந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாய். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாகா ஏன் நம்ம கூடவே ஓடுது?" என்றாய். ஏறி வந்தபோது நமக்கு எதிராக ஓடிவந்த ஆறு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பொய்யைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு உனக்குத் தெளிந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். நீ மணாலி வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். உன்னிடம் போய் அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் நாளைக்கே அப்படி ஒரு நிலைமை வந்தாலும் அதே பொய்யைத்தான் சொல்வேன், அதனால் இதை மன்னிப்பு என்று நீ எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்குக் கோபம் வேறு விஷயத்தில். "தங்கச்சி பயந்துட்டா, அதான் திரும்பிட்டோம்" என்று நீ சொல்லிக்கொண்டு திரிந்தாய் பார், அதில். ஒரு கல்யாண வீட்டில் என் முன்னாலேயே சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். பயந்தேன்தான், அதில் பொய் இல்லை. ஜிஸ்பா 3,200 மீட்டர், சர்ச்சு ஏறத்தாழ 4,300. மூவாயிரத்துக்கு மேலே போய்விட்டால் படுக்கிற உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்று எல்லா மருத்துவர்களும் சொல்கிறார்கள். நாம் ஒரே நாளில் இருட்டும் வரை மிதித்து ஆயிரத்துக்கு மேல் கூட்டினோம். அந்த அட்டவணையை யார் போட்டது என்று நான் எங்கேயும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

அதே நாள் மத்தியானம் ஜிங்ஜிங்பாருக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஓடை. வெயிலில் பனி உருகி முழங்கால் வரை வந்துவிட்டது, காலையில் வந்திருந்தால் கணுக்கால்தான் நனைந்திருக்கும். நீ உன் சைக்கிளைக் கொண்டுபோய் அந்தக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து என்னுடையதைத் தூக்கினாய். ஷூ இரண்டும் லேஸில் முடிச்சுப் போட்டு உன் கழுத்தில் தொங்கின. அக்கரையில் உட்கார்ந்து கால்விரல்களை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்து, "வா வா, சுடுதண்ணி மாதிரி இருக்கு" என்றாய். ஒரு வேளை அந்தக் குளிர்தான் உன்னைப் படுத்திவிட்டதோ என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேகமாக உயரம் ஏறுவதுதான் உயரநோய்க்கு முக்கியக் காரணம் என்று படித்த பிறகுதான் நிம்மதி.

இந்த முறை திட்டம் என்னுடையது, மெதுவானது. ரோஹ்தாங்கில் ஏறித்தான் போவேன், சுரங்கத்துக்குள் போகவில்லை. 2020-இல் அடல் சுரங்கம் திறந்த பிறகு லாரிகள் அந்த ஒன்பது கிலோமீட்டருக்குள் போய்விடுகின்றன, ரோஹ்தாங்கின் அந்தப் பக்கச் சாலையில் பழைய நெரிசல் இல்லை. கேலாங்கில் ஒரு நாள் சும்மா இருப்பேன். அப்புறம் தார்ச்சா, பட்சியோ, ஜிங்ஜிங்பார் என்று ஒவ்வொன்றிலும் ஒரு ராத்திரியாவது. ஓடைகளை விடிகாலையிலேயே தாண்டிவிடுவேன். தலைவலி வந்தால் அன்றைக்கு அதே இடத்தில் படுக்கை, அதற்கு மேலே ஒரு அடி கிடையாது. ஆமை வேகம் என்று உன் குழுவில் கேலி செய்வார்கள், செய்யட்டும். நீ வாயாரச் சொல்லிக்கொண்டிருந்தாயே கேட்டா லூப்ஸ், அந்த 21 வளைவுகளையும் நாம் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் மோரே சமவெளி, அப்புறம் டாங்லாங் லா, 5,328 மீட்டர். கடல் மட்டத்தில் இருக்கிற காற்றழுத்தத்தில் பாதிதான் அங்கே. உன் பழைய மேப்பில் அந்த இடத்தை நீ பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாய்.

உன்னையும் கூப்பிடலாம் என்று யோசித்தேன். கூப்பிடவில்லை. நீ வந்தால் முன்னால் போவாய், நான் பின்னால் வருவேன், அட்டவணை இரண்டாவது நாளே மாறிவிடும், அப்புறம் நான் ராத்திரியெல்லாம் நீ மூச்சு விடுவதை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். ஒரு முறை எண்ணியது போதும்.

சைக்கிளின் பின்னால் மாட்டுகிற அந்த ஆரஞ்சுப் பைகள் இரண்டும் உன்னிடம்தான் இருக்கின்றன. பாதிப் பணம் நான் கொடுத்தது. ஜூலை முடிவதற்குள் எனக்கு வேண்டும். நேரில் கொண்டுவந்து கொடுத்தால் சந்தோஷம், ஆனால் வாசலில் நின்றுகொண்டு நானும் வருகிறேன் என்று ஆரம்பிப்பதாக இருந்தால் கூரியரில் அனுப்பிவிடு.