படகு ஒயரிங்குக்கு ஈயம் பூசிய கம்பி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகப்பட்டினம் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு இருபது ஆண்டுகளாக மின்வேலை செய்து வருகிறேன். விளக்கு எரியவில்லை, ஜிபிஎஸ் அணைந்து அணைந்து வருகிறது என்று கூப்பிடுகிற படகுகளில் பழுது கருவியில் இருப்பது அரிது. பெரும்பாலும் ஒயரிலும் இணைப்பிலும்தான் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு படகின் முன்விளக்கு ஒயரைக் கழற்றினேன். மேலுறை புதிதுபோல் இருந்தது. இணைப்பிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு உறையைச் சீவியபோது, உள்ளே செம்பிழைகள் கறுத்துப்போய், நகத்தால் நிமிண்டியதும் பொடியாக உதிர்ந்தன. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல உப்புநீர் இழைகளின் இடுக்கில் ஏறிவிடுகிறது. மேலே சுற்றிய டேப் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறாதிருக்க ஈயம் (வெள்ளீயத்தைத்தான் பேச்சில் ஈயம் என்கிறோம்) பூசினோமே, அதே காரணத்துக்காகத்தான் படகு ஒயரில் ஒவ்வொரு செம்பிழைக்கும் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குள் பல்லாண்டு உழைக்கும் ஒயர் கடலில் தாங்காது. ஒற்றைக் கம்பியாக இருந்தால் எஞ்சின் அதிர்விலேயே முறிந்துவிடும்.

தடிமனிலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒன்பது மீட்டர் படகில் பின்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து முன்விளக்குக்குப் போய்த் திரும்ப 18 மீட்டர் ஒயர் ஆகும். 2 ஆம்பியர் விளக்குக்கு 1 சதுர மி.மீ. ஒயர் போட்டால், 12 வோல்ட்டில் 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு கால் வோல்ட் அளவில் நின்றுவிடும். இருட்டில் எதிரே வரும் கப்பலின் கண்ணில் படவேண்டிய விளக்கு அது என்பதால் இதை வற்புறுத்துகிறேன்.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், ஈயம் பூசிய லக்கை (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் காதை) அதற்குரிய கருவியால் அழுத்தி, உட்புறம் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் குழல் உறையால்) மூட வேண்டும். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடையிலுள்ள ஒயர் ஷார்ட் ஆகும்போது அதைத் தடுக்க எதுவும் இராது, ஃபைபரோ எளிதில் தீப்பிடிக்கும். சுவிட்சில் ஐபி 67 என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது என்பதே அதன் பொருள். அதன் முனைகளும் திருகுகளும் உப்பைத் தாங்குமா என்பதை அது சொல்லாது. திருகு 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது நல்லது.

இவ்வளவும் தெரிந்த மீனவரும் சாதாரண ஒயரையே வாங்குகிறார். எங்கள் பக்கத்துக் கடைகளில் ஈயம் பூசிய ஒயர் கிடைப்பதில்லை, வெளியூரிலிருந்து வரவழைத்தால் முழுச் சுருளாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் 2.5, 4 சதுர மி.மீ. அளவுகளிலாவது இந்த ஒயரை வாங்கி வைத்து, லக், ஸ்லீவ் ஆகியவற்றோடு மீட்டர் கணக்கில் விற்க மீன்வளத்துறை ஏற்பாடு செய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகு மின்பணியாளர் ஒருவர்,
நாகப்பட்டினம்.